கல்யாணப் படத்தின் நடுவே ஒரு கோடு

பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணிக் கொடுக்கிற தொழிலில் நாள் முழுக்கப் பார்ப்பது அடுத்தவர் வீட்டு முகங்களை, பயப்படுவது அடுத்தவர் வீட்டுத் தூசிக்கு.

வீட்டில் ஒரு மிஷினை வைத்துக்கொண்டு, அது என்றைக்கு நின்று போகுமோ என்று அதன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்கா தங்கச்சிமார் நிறையப் பேர் இருப்பீர்கள். தையல் மிஷினோ, மாவு மிஷினோ, எதுவாக இருந்தாலும் நெஞ்சு அடிக்கிற அடி ஒன்றுதான். உங்களுக்குச் சொன்னால் புரியும் என்றுதான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிஷின் வந்த அன்று

காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிற சேகர் அண்ணன் என் அண்ணனோடு படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கடையில் நான் ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா பிறந்த பிறகு போக முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கிற வேலை. ஊர் ஊராகப் போய்விடுவார். வீட்டில் நானும் பாப்பாவும்தான். அப்போதுதான் சேகர் அண்ணன் ஸ்கேனரையும் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து எங்கள் மாடி வீட்டில் வைத்தார்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கேனர் ஒரு சின்னச் சூட்கேஸ் மாதிரி இருக்கும். மூடியைத் தூக்கினால் கண்ணாடி. போட்டோவை அதில் குப்புறப் படுக்கவைத்து மூடினால், உள்ளே ஒரு வெளிச்சம் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு நடந்து போகும். படம் கம்ப்யூட்டரில் வந்துவிடும். கிழிசல், கறை எல்லாம் அண்ணன் கடையில் சரிபண்ணிக்கொள்வார். அவர் அனுப்புகிறவர்கள் கொண்டுவருகிற படத்தைக் குப்புறப் போடுவது, எடுப்பது, அவ்வளவுதான் என் வேலை. யாரோடும் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேச வேண்டாம், கடையில் நாலு ஆம்பளைகளுக்கு நடுவில் நிற்க வேண்டாம், பாப்பா கண் முன்னாலேயே விளையாடும். இதைவிட எனக்கு ஏற்ற வேலை உலகத்தில் இல்லை. கும்பிடுகிற சாமியிடம் அது மட்டும் போய்விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன்.

அண்ணன் போகும்போது வாசல்படியில் நின்று விரலை நீட்டிச் சொன்னார்: "கண்ணாடிக்கு மேல எம்புட்டு வேணும்னாலும் தொடச்சுக்க. ஸ்குரு டிரைவர் மட்டும் இதும் பக்கத்துல வரக்கூடாது. உள்ள தூசி போச்சுன்னா சொல்லு, மிஷினை நான் கடைக்கே தூக்கிக்கிட்டுப் போயிர்றேன்."

பாட்டையாவின் மச்சம்

கீழச்சிவல்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அவர்கள் பாட்டையாவின் போட்டோவைக் கொண்டுவந்தது. ஊரிலேயே அவரைக் கண்ணால் கண்டவர் இன்று யாரும் இல்லையாம். இருந்தது அந்த ஒரே படம், அதுவும் உள்ளங்கை அளவில் மங்கிப்போனது. பத்து வீட்டுக்கும் பத்துப் பெரிய படம் வேண்டும் என்றார்கள். ஸ்கேன் பண்ணிக் கொடுத்தேன். அண்ணன் பிரிண்ட் போட்டு, பிரேமும் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். அடுத்து வந்த ஒரு கோயில்மாட்டுப் படத்தில், மாட்டின் வயிற்றில் ஒரு கறுப்புப் பொட்டு. அதற்கடுத்த படத்தில் ஒரு கைக்குழந்தையின் மொட்டைத் தலையில் அதே பொட்டு, அதே இடம். கண்ணாடியைத் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகம் வழுக்கியது. தூசி கண்ணாடிக்கு அடிப்பக்கம் ஒட்டியிருந்தது. ஓடிப்போய்ப் பாட்டையா படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். இடது கன்னத்தில், மீசைக்கு ஒரு விரல்கடை மேலே, அழகாக உட்கார்ந்திருந்தது.

சொல்லிவிடுவோம் என்று நான் வாயைத் திறக்கிற நேரம், கடையில் படத்தை வாங்கிக்கொண்டு வீட்டாரோடு என்னிடம் வந்த அந்த வீட்டுப் பேத்தி தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறாள். அவளுக்கும் இடது கன்னத்தில் மச்சம். கண்ணெல்லாம் கலங்கிப் போய் நிற்கிறாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன். இன்று வரைக்கும் மூடித்தான் வைத்திருக்கிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது: "இந்த மச்சம் யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு எங்கம்மா முப்பது வருசமாத் தேடுச்சுங்க்கா, இன்னைக்கு நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்கீக!"

தொடக்கூடாத பொட்டு

சாமிப் படத்துக்கு வைக்கிற மாதிரி, இறந்துபோனவர்கள் படத்துக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சட்டம் போட்ட படம் என்றால் கண்ணாடிமேல் வைப்பார்கள். கண்ணாடி உடைந்துபோய், புதுசு போடாமல் விட்ட வீடுகளில் போட்டோமேலேயே வைத்துவிடுவார்கள். சந்தனம், அதன்மேல் குங்குமம், அதற்கும்மேல் அடுத்த வெள்ளிக்கிழமை. வருசக்கணக்கில் ஏறிப் பருப்புப் பருமனுக்கு நிற்கும்.

காளையார்கோவிலிலிருந்து ஒரு அக்கா அப்படி ஒரு படத்தை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் அம்மா. சுமங்கலியாகப் போனவர். நெற்றியில் பொட்டு வறண்டு வெடித்திருந்தது. அதை, கண்ணாடிக்கு அடியில் இருந்த தூசியில் படாமல் தள்ளி, குப்புறப் போட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கண்ணாடியில் சிவப்பாக உதிர்ந்து கிடந்தது. துணியால் துடைத்திருக்கலாம். ஒரு சுமங்கலி நெற்றிக் குங்குமத்தைக் கந்தல் துணியால் துடைத்தெறிய எனக்குக் கை வரவில்லை. பதமாக வாயால் ஊதினேன். பாதி தரைக்கு வந்தது. மீதி கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சேருகிற ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருக்கிறதே, அதற்குள் போனதை நான் பார்க்கவில்லை.

அந்த அக்கா நான் ஊதுவதைக் கூடத் தாங்காமல் எழுந்து வந்துவிட்டார்: "பாத்து, பாத்து! பொட்ட மட்டும் ஒண்ணும் பண்ணிராதத்தா, போட்டோ போனாப் போகுது."

நடுவில் ஒரு கோடு

நாலு நாள் கழித்து மீனாட்சி ஆச்சி வந்தார். சென்னையில் இருக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். செட்டியார் வீட்டுப் பெண்களை எங்கள் ஊரில் வயது பார்க்காமல் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பச்சிக்கும் ஆத்தாளுக்கும், நம்ம பேச்சில் அப்பா அம்மாவுக்கு, வருகிற வெள்ளிக்கிழமை எண்பதாம் கல்யாணம். முதல் கல்யாணத்தில் எடுத்த ஒரே படத்தைக் கொண்டுவந்திருந்தார். அதை ஆள் உயரத்துக்குப் போட்டு மண்டப வாசலில் வைக்க வேண்டும். பிரிண்டுக்குப் புதன்கிழமைக்குள் போக வேண்டும். அன்று திங்கள்.

ஸ்கேன் பண்ணினேன். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில், உச்சியிலிருந்து அடி வரைக்கும், நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. எண்பது வயது வரைக்கும் சேர்ந்து வாழ்ந்தவர்களை நான் ஒரு நிமிசத்தில் ரெண்டாகப் பிரித்துவிட்டேன். படம் கண்ணாடி முழுசையும் அடைத்தது, தள்ளிவைக்க இடமில்லை. அரை விரல்கடை நகர்த்தினால் கோடு மாப்பிள்ளை முகத்தில் இறங்கியது. குறுக்கே போட்டுப் பார்த்தேன். ஓரம் வெட்டுப்பட்டதோடு, கோடு ரெண்டு பேர் கழுத்துக்கும் நேராகப் போனது. சட்டென்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சாமி படத்தைப் பார்த்தேன்.

கோட்டைக் கம்ப்யூட்டரில் அண்ணன் அழித்துவிடுவார்தான். ஆனால் அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மிஷின் கடைக்குப் போய்விடும். சொல்லாமல் கொடுத்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். அப்போதும் மிஷின் போய்விடும். போனில் வீடியோ தேடினேன். இந்தியில் பேசுகிற ஒருவர் இதே மாதிரி மிஷினைப் பிரித்துக் காட்டினார். பேச்சு ஒன்றும் புரியவில்லை, கையையும் அவர் வரைந்து காட்டிய படத்தையும் மட்டும் பார்த்தேன். பத்துத் தடவை பார்த்த பிறகு ஒன்று விளங்கியது. கண்ணாடிக்கு அடியில், வெளிச்சம் புறப்படுகிற இடத்தில், வெள்ளையாக ஒரு பட்டை இருக்கிறது. மிஷின் முதலில் அதைப் பார்த்துத்தான் வெள்ளை எது என்று தெரிந்துகொள்கிறது. அதில் ஒரு துளி தூசி விழுந்தால் படம் முழுக்கக் கோடு.

வீட்டுக்காரர் போன் பண்ணியபோது, "நானே பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சொன்னார்: "குக்கர் விசிலுக்கே பக்கத்து ரூமுக்கு ஓடுறவ நீ. பேசாம அண்ணன்கிட்டச் சொல்லிட்டு வேற வேலையப் பாரு."

ரப்பர் பந்து

அந்த இந்திக்காரர் கையில் ஒரு ரப்பர் பந்து வைத்திருந்தார். அமுக்கினால் மூக்கு வழியாகக் காற்று வரும். செவ்வாய்க்கிழமை காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சேகர் அண்ணனுக்குத் தெரிந்தவர். அது கடைக்குள் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவும் முடியவில்லை.

பந்தைக் கையால் காட்டிக் கேட்டேன். ஒரு சின்ன ஸ்குரு டிரைவரும் கேட்டேன். எடுத்து வைத்துவிட்டு, "எந்த மிஷினுக்குக்கா?" என்றார். தையல் மிஷின் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு பார்வை, பந்தை ஒரு பார்வை பார்த்தார். பாப்பா அதற்குள், "எங்க வீட்டுல தையல் மிஷினே இல்லையே" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னது.

கடைக்காரர் சிரிக்காமல் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்: "இல்லாத மிஷினுக்குத் தூசி தட்டப் போறீகளாக்கும், நடத்துங்க நடத்துங்க."

பாப்பாவின் துணி

பிரிக்கிறது என்று முடிவு பண்ணின பிறகு பயம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாப்பாவுக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்தேன். ஃபேனை நிறுத்தினேன், தூசி பறக்குமே. ஜன்னலைச் சாத்தினேன். சித்திரை வெயில், மாடி வீடு. வேர்வை சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேன். பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டேனா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன்.

நாலு ஸ்குரு, ரப்பர் மூடிக்கு அடியில் ஒளிந்திருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றி இட்லித் தட்டுக் குழியில், மிஷினில் எந்த மூலையோ அந்த மூலைப்படி வைத்தேன். மூடிக்குப் போகிற வயரை உருவினேன். மேல்சட்டத்தைத் தூக்கும்போது டப் என்று ஒரு சத்தம் வந்தது. உடைந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். உடையவில்லை, கொக்கி விட்டதுதான். உள்ளே கண்ணாடியின் அடியில் அந்த மச்சம். சட்டத்தின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை. அதன்மேல் சிவப்பாக ரெண்டே ரெண்டு துகள். கடுகில் பாதிகூட இருக்காது. அதைப் பார்த்ததும்தான் அன்றைக்கு நான் ஊதியது ஞாபகம் வந்தது.

முதலில் கண்ணாடியைத் துடைப்போம் என்று, வீட்டிலேயே மெத்தென்று இருக்கிற துணியை எடுத்தேன். பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது சுற்றிவைத்த வெள்ளைத் துணி. துவைத்துத் துவைத்துப் பூவாக இருக்கும். ஒரு இழுப்பு இழுத்தேன். மச்சம் போய்விட்டது. சந்தோசத்தில் கண்ணாடி முழுக்கத் துடைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனி மூடியிருக்கிறது. பாப்பா பவுடர்! அந்தத் துணியைப் பவுடர் டப்பாவோடு சேர்த்து மடித்து வைத்தது நான்தான். ஒரு தூசியை எடுக்கப் போய் ஓராயிரம் தூசியை வைத்துவிட்டேன். உட்கார்ந்து அழுதேன். பிறகு துணியை மூன்று தண்ணீரில் அலசி, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டுவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் பாப்பா எழுந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, ரெண்டாகக் கிடக்கிற மிஷினைப் பார்த்து என்னிடம் மெதுவாகக் கேட்டது: "நீ ஒடச்சியா, நான் ஒடச்சேனா?"

திறந்து கிடந்த நேரம்

துணி காய்வதற்குள் கதவைத் தட்டுகிற சத்தம். மீனாட்சி ஆச்சி. படம் ஆயிற்றா என்று பார்க்க வந்தவர் நேராக உள்ளே வந்துவிட்டார். தலையில் துண்டு, கையில் ரப்பர் பந்து, தரையில் மிஷினின் குடல். என் கோலம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

"என்னத்தா இது, பொட்டியப் பொளந்து போட்டிருக்க? எங்க அப்பச்சி படம் எங்க?" என்றார். படத்தைப் பத்திரமாக அட்டைக்குள் வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். தையல் மிஷின் பொய்யே இன்னும் தொண்டையில் நின்றது. கோடு விழுந்ததைச் சொன்னேன். எங்கே விழுந்தது என்று கேட்டார். கையால் நடுவில் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். ஆச்சி முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். "அண்ணனுக்குத் தெரிஞ்சா மிஷினை எடுத்துக்கிருவாக ஆச்சி, எனக்கு இத விட்டா வேற வேலை பாக்கத் தெரியாது" என்று அதையும் சொல்லிவிட்டேன். அவ்வளவு நீளமாக நான் ஒரு வெளியாளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆச்சி குனிந்து, "அந்தச் செவப்பு என்ன?" என்றார். ஒரு சுமங்கலி அம்மாவின் நெற்றிக் குங்குமம் என்றேன். பந்தை அமுக்கப் போனேன். "ஊதாத, நில்லு!" என்று விரலை நீட்டிக்கொண்டு வந்தார். விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டும், பட்டை பாழ். "கைய எடுங்க ஆச்சி!" என்று கத்திவிட்டேன். நான் கத்தினேன். பாப்பாவே பயந்து போய்க் கதவோரம் நின்றது. காது குடைகிற பஞ்சுக் குச்சியை, ஈரம் இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி நனைத்து, மூச்சு விடாமல் ஒற்றி எடுத்தேன். ஒன்று வந்தது. ரெண்டாவதும் வந்தது. பட்டை வெள்ளை வெளேர் என்று ஆனது.

குச்சியைக் குப்பையில் போடப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ரெண்டு துகளையும் தன் விரல் நுனியில் தேய்த்து, வகிட்டில் வைத்துக்கொண்டார். எனக்கும் பாதி வைத்தார். பிறகு, துணி காய்ந்து, துடைத்து, பூட்டி, ஸ்கேன் போட்டோம். வெளிச்சம் நடந்து முடிகிற வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆச்சிதான் பார்த்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒன்றும் இல்லை. ஆச்சி எழுந்து சேலையைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னார்: "என்னைய ஒருத்தி அதட்டி இருவது வருசம் ஆச்சு. நல்லா இரு."

படியில் செருப்புச் சத்தம்

சனிக்கிழமை காலை படியில் சேகர் அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் சாதாரணமாகக் கீழே நின்று பென்டிரைவைக் கேட்பவர். மேலே வருகிறார் என்றால் மிஷினுக்குத்தான். ஆச்சியிடம் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள மறந்தது அப்போதுதான் உறைத்தது. முந்தின நாள் மண்டபத்தில் வைத்து, நாலு பேர் நடுவில், ஆச்சி "உங்க தங்கச்சி பொட்டியப் பிரிச்சுப் பூட்டுன அழக நீங்க பாக்கலையே" என்று அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் நேராக மிஷினிடம் போனார். மிஷினைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்தார். ஸ்குருத் தலையில் என் கைக் கீறல் பளபளவென்று தெரிந்தது. நான் பாப்பாவைத் தூக்கி முன்னால் பிடித்துக்கொண்டேன், குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிறவளைத் திட்ட மாட்டார் என்று. கம்ப்யூட்டரை மூட்டை கட்டுவதற்குத் தோதாக, செருப்புச் சத்தம் கேட்டதுமே வயரை வேறு சுருட்டி வைத்திருந்தேன். வயரைத் திரும்ப மாட்டி, ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கண்ணாடியில் போட்டு ஸ்கேன் பண்ணச் சொன்னார். பண்ணினேன். பொட்டு இல்லை, கோடு இல்லை. வெறும் வெள்ளை. அதைப் பெரிசாக்கி மூலை மூலையாகப் பார்த்தார்.

பிறகு வாசலை எட்டிப் பார்த்தார், யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "யாருகிட்டயும் சொல்லிறாத. நான் ஒண்ணப் பிரிச்சேன், திரும்பப் பூட்டத் தெரியல. ரெண்டு வருசமா மூட்டையாக் கட்டிக் கடையில கெடக்கு. சாயங்காலம் கொண்டாரவா?"

தொழிலில் நான் கண்ட முன்னேற்றம் இவ்வளவுதான் தங்கச்சிமாரே: போன மாசம் வரைக்கும் பூட்டியிருந்த ஒரு மிஷினுக்குப் பயந்துகொண்டிருந்தேன், இப்போது பிரிந்து கிடக்கிற இன்னொன்றுக்கும் சேர்த்துப் பயப்படுகிறேன்.